வெள்ளைத் துணியில் முட்டை

பிப்ரவரி 1, சனி

இன்று சொல்லாதது: என் படத்தில் செம்பின் அடியில் விழுந்த அந்தப் பழுப்பு நிழல் நான் யோசித்து வைத்ததல்ல. தூரிகை கழுவுகிற தண்ணீரை மாற்றாமல் விட்டதில் வந்தது.

சுடர்விழி அக்கா அதைத்தான் எடுத்துச் சொன்னார். "மூணாம் நம்பர்ல அந்த நெழலப் பாருங்க. சூடான நெறம். தைரியமா வச்சிருக்காங்க." நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. விதி இருந்தது வசதியாகப் போயிற்று.

டைரி எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். அங்கே சொல்ல முடியாததை வைக்க ஓர் இடம். சிவகாசியில் யாரும் டைரியைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. இதுவும் எங்கள் அச்சகத்தில் கழித்துப் போட்டதுதான். ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது.

என்றைக்காவது நானே மறந்துபோனால் தெரிய வேண்டும் என்று எங்கள் குழுவின் முறையை எழுதி வைக்கிறேன். பெயர் 'கோடும் குறையும்'. எட்டுப் பேர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பொள்ளாச்சி சுடர்விழி அக்கா தொடங்கியது. வாரம் ஒரு பொருள்; எல்லோரும் அதையே வரைய வேண்டும். சனிக்கிழமை காலைக்குள் படத்தைத் தூத்துக்குடி ஜெனிட்டாவுக்கு அனுப்பினால், பெயரை எடுத்துவிட்டு எண் போடுவாள். அவரவர் எண் அவரவருக்கு மட்டும் தெரியும். மாலை ஆறு மணிக்குக் கணினியில் இணைவோம். ஒரு படத்துக்கு மூன்று குறையாவது சொல்ல வேண்டும். பாராட்டெல்லாம் அதற்குப் பிறகு, நேரம் இருந்தால். எல்லாப் படமும் முடிந்ததும் எண் வரிசையில் மைக்கைத் திறந்து "கேட்டுக்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை. அப்போதுதான் எது யாருடையது என்று தெரியும். விளக்கம் கூடாது. நன்றிகூடக் கூடாது. எண் போடுகிறவள் என்பதால் ஜெனி மட்டும் யாருக்கும் குறை சொல்வதில்லை.

முகத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்க்கிறவர்கள். வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைக் கழிக்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பதினோரு முருகனை வெட்டினேன். ஆடிப்பெருக்குக்குள் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் தயாராக வேண்டும். பழைய படத்தின் பின்னணியை நீக்கி, சாமியை மட்டும் தனியே எடுத்து, புது மலை, புது வானத்தின் முன்னால் வைக்க வேண்டும். ஓரம் ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். வேல், மயில் தோகை, கிரீடம். எட்டு மணி நேரம்.

மேற்பார்வை பார்க்கும் ரத்தினவேல் அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்தார். "தாயி, இந்த ஊர்ல எவனுக்கும் இந்தக் கட்டிங் வராது. மயிரிழ பிசகல பாரு. கத்தி மாதிரி நிக்குது."

சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

பொருள்: தகர டப்பா.

எட்டாம் எண்ணுக்கு நான் ஐந்து குறை சொன்னேன். மூடி ஒரு கோணத்தில், அடி வேறு கோணத்தில். பளபளப்பு எல்லா இடத்திலும் இருந்ததால் எங்கேயும் இல்லை. சுடர்விழி அக்கா இன்னும் நான்கு சொன்னார். கடைசியில் எட்டு ஹபீப் அண்ணனுடையது என்று தெரிந்தது. மேலப்பாளையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில்கூட வரைவார். "கேட்டுக்கிட்டேன்" சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் அவருக்கு நல்லதுதான் செய்தேன்.

எனக்கு இரண்டே குறை. தாள் இன்னும் நல்லதாக வாங்கலாம். டப்பாவை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருக்கலாம். விதிப்படி மூன்றாவதற்கு அவர்கள் தேட வேண்டியிருந்தது.

வளர்கிறோம் என்பது இப்படித்தான் தெரியவரும் போல.

பிப்ரவரி 23, ஞாயிறு

அருங்காட்சியகத் தளங்களில் பழைய ஓவியங்களை மிகப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. வண்ணத்தின் வெடிப்பு வரை தெரிகிறது. இன்று முழுக்க ஒரே ஒரு முகம். முந்நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு துணி வியாபாரியின் மனைவி. மூக்கின் நிழலில் பச்சை இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒளி படும் நெற்றியில் மூன்று வெள்ளை. எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன்.

நிழல் பக்கத்துக் காது எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. கோடே இல்லை. அந்த இடத்தில் ஸ்கேன் சரியாக எடுக்கவில்லை போலிருக்கிறது.

மார்ச் 8, சனி

பாண்டிச்சேரி ஓவியப் பள்ளி ஒன்றின் அறிவிப்பை ஜெனி அனுப்பினாள். இரண்டு வருடம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பத்துப் படங்கள். ஜூன் 6 கடைசி நாள். ஜூலை முதல் தேதி இருபத்தெட்டு முடிந்திருக்கக் கூடாது.

ஜூலை முதல் தேதிதான் எனக்கு இருபத்தெட்டு முடிகிறது. அன்றே முடிந்தால் முடிந்ததா, முடியவில்லையா என்று அலுவலகத்தை அழைத்துக் கேட்டேன். "இந்த வருஷம் போடுங்க. அடுத்த வருஷம் முடியாது" என்றார்கள்.

ஜெனிக்கு மட்டும் என் கதை தெரியும். கல்லூரிக் கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் ஓர் ஆசிரியர் என் படத்தின் மேலேயே பேனாவால் பெருக்கல் குறி போட்டது. அதன்பின் ஆறு வருடம் நான் பென்சிலைத் தொடாதது. அக்டோபரில், குழுவில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஒன்பது குறை வந்தது. அன்று ஜெனியை அழைத்து, இந்தத் தடவையும் இல்லை என்றால் இனி எப்போதும் வரையமாட்டேன் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் தழுதழுத்திருக்கலாம். அடுத்த வாரமே குறைகள் நான்காகிவிட்டன. ஒரே வாரத்தில் அவ்வளவு தூரம் வந்தேன் என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

மார்ச் 22, சனி

ஜெனியின் படத்தை எண் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவேன். மேசை விளிம்போ கடலோ, அவள் போடும் கிடைக்கோடு வலப்பக்கம் இறங்கிவிடும். இன்றும் சொன்னேன். சிநேகிதி என்பதற்காக நான் ஒரு குறையைக்கூட விட்டதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாரியம்மன் கோயில் பொங்கல். அச்சகம் விடுமுறை. மாவிளக்கு இடிக்க அம்மாவுக்கு உதவினேன். மூன்று மணிக்குப் பிறகு வரையலாம் என்று நினைத்தேன், விருந்தாளிகள் போகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மாவிடம் பாண்டிச்சேரியைப் பற்றிச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அங்க போயி என்ன வரைவ?"

"எல்லாந்தான்மா. ஆளு, எடம், பொருளு."

"இங்க ஆளு இல்லையா, பொருளு இல்லையா?"

"சொல்லிக் குடுக்க ஆளு இல்ல."

"அதான் கம்ப்யூட்டர்ல எட்டுப் பேரு சொல்லுறாகளே." கீரைத் தண்டை முறித்தாள். "நல்லா வரையுறன்னு சொல்லுறாகளா, அவுக?"

"சொல்றாங்க."

"மொகம் தெரியாதவுக பொய் சொல்ல மாட்டாக. போ. கெடச்சா போயிட்டு வா."

அம்மா இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மே 24, சனி

இன்று என் ஒருத்திக்காகக் கூடினார்கள். நாற்பது படங்களிலிருந்து பத்து. ஒவ்வொன்றையும் திரையில் வைத்து வாக்கெடுத்தார்கள். சுடர்விழி அக்கா, "இந்தப் பத்தோட போனீங்கன்னா கண்ண மூடிட்டு எடுத்துக்குவாங்க" என்றார். ஹபீப் அண்ணன் மட்டும் அதிகம் பேசவில்லை. ஒருமுறை "வல்லி, இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்லா?" என்று தொடங்கினார். ஜெனி, "அண்ணே, நீங்க ஒண்ணு, அவளக் கொழப்பாதீங்க" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் கேட்கத் தோன்றவில்லை.

மே 30, வெள்ளி

இந்த வாரப் பொருள்: வெள்ளைத் துணியின் மேல் முட்டை. வெள்ளையின் மேல் வெள்ளை.

வேலைக்குப் போகும் முன் காலையில் இரண்டு மணி நேரம். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"முட்ட வரையுறதுக்கா பாண்டிச்சேரி போற? அங்கிட்டு என்ன, கோழி சதுரமாப் போடுதா?"

இருவரும் சிரித்தோம். படம் நன்றாக வந்திருக்கிறது. முட்டை துணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கிறது.

மே 31, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் ஜெனியிடமிருந்து செய்தி: அக்கா குழந்தையின் ஞானஸ்நானம், இன்று வர முடியாது, அதனால் என் படத்தை எடுத்துவிட்டேன், எண்கள் ஒன்று முன்னால் நகர்ந்துவிட்டன. "நீ இப்போ 5."

ஆறு மணிக்கு ஏழு பேர்.

ஐந்தாம் படம் வந்தது. சுடர்விழி அக்கா சிரித்தார். நான் கேட்டிராத ஒரு சிரிப்பு. "இது யாருங்க? முட்டையக் கத்தரிக்கோல்ல வெட்டித் துணி மேல ஒட்டி வச்சாப்பல இருக்குதுங்க."

வேறொருவர், "சுத்தி ஒரு கோடு போட்டிருக்காங்க பாருங்க. முட்டைக்கு ஏது கோடு?" என்றார்.

"வெளிச்சம் படற பக்கம் முட்டையும் துணியும் ஒண்ணாக் கரைஞ்சு போயிடணுமுங்க. எங்க முடியுதுன்னே தெரியக் கூடாது. இவங்களுக்கு எதையும் விட மனசில்ல. எல்லா ஓரமும் ஒரே கூர்மை. இப்படி ஒரு கண்ணு இருந்தா முட்டையில்ல, மூஞ்சி வரைஞ்சாலும் பொம்மையாத்தான் வரும்." மறுபடியும் சுடர்விழி அக்கா.

ஏழு குறை. எண்ணினேன். நான் பார்க்கவே பார்க்காத ஒன்றை அவர்கள் முதல் நொடியில் பார்த்துவிட்டார்கள்.

ஆறாம் படம் வந்தது. முட்டை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. துணி துணியாகவே இல்லை. சுடர்விழி அக்காவின் குரல் மாறியது. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல. "அழகா எறங்கியிருக்குதுங்க கை. தாள் மட்டும் கொஞ்சம் நல்லதா..." மற்றவர், "ஆமா, கொஞ்சம் நடுவுலருந்து தள்ளி வச்சிருந்தா..."

அந்த வார்த்தைகளை எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் நான் இந்த டைரியில் எழுதி வைத்திருக்கும் வார்த்தைகள்.

ஏழும் முடிந்தது. வரிசை தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் மைக்கைத் திறந்து "கேட்டுக்கிட்டேன்" என்றேன்.

சுடர்விழி அக்காதான் கேட்டார், யோசிக்காமல். "வல்லிங்களா? நீங்க ஆறில்லீங்களா?"

என் எண் எனக்கும் ஜெனிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹபீப் அண்ணன் மைக்கைத் திறந்தார். "ஆறு என்னுது" என்றார். "கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஜெனியை அழைத்தேன்.

"எப்பயிருந்து?"

"எது எப்பயிருந்து?"

"ஜெனி."

அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"அக்டோபர்ல. நீ போன் பண்ணி அழுதல்லா, அதுக்கு மறுவாரம்."

"நான் அழல."

"ஒரு மணி நேரம் அழுத, வல்லி. பென்சில ஒடிச்சு ஜன்னல் வழியாப் போட்டுட்டேன்ன. இதுவும் இல்லன்னா அவ்வளவுதான்ன. அவ்வளவுதான்னா என்னன்னு நா நெனைக்க? பயந்துட்டேன்லா."

"எல்லார்ட்டயும் சொன்னியா?"

"எல்லாத்தையும் சொல்லல. இன்னைக்கு இந்த நம்பரு வல்லி, பாத்துக்கோங்கன்னு மட்டுந்தான்."

"காலேஜ் விஷயம்?"

"சுடர் அக்காட்ட மட்டும்" என்றாள்.

எனக்கு அந்தப் பெருக்கல் குறிதான் கண் முன்னால் வந்தது. அதை இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் காட்டியிருந்தேன்.

"அஞ்சு நாள்ல அனுப்பணும் ஜெனி. அந்தப் பத்தும் அப்படித்தான் பொறுக்குனீங்களா?"

"நல்லாத்தான இருக்கு எல்லாம்."

"நல்லா இருக்கா?"

அவள் அழத் தொடங்கினாள். "நீ வாராவாரம் என் படத்துல கோடு சாயுது, கோடு சாயுதுன்னு சொல்லுவ. எல்லார் முன்னாடியும். எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும் தெரியுமா? அதுக்காக நா உன்ட்ட பேசாம இருந்தனா?"

"அது சாயுது ஜெனி."

"தெரியும்டி."

நான்தான் முதலில் போனை வைத்தேன்.

ஜூன் 2, திங்கள்

ஹபீப் அண்ணனிடம் கேட்டேன். ஜெனியிடமிருந்து வந்ததையெல்லாம் எனக்கு அனுப்பி வைத்தார். முப்பத்தொரு செய்திகள். "இன்னைக்கு 4 வல்லி. பாத்துக்கோங்க." "2 வல்லி. உடம்பு சரியில்லாம இருக்கா, பாத்துக்கோங்க." "இந்த வாரம் 7. அவ அம்மாட்ட பாண்டிச்சேரி பத்திச் சொல்லிட்டாளாம், இப்ப எதுவும் சொல்லிறாதீங்க."

பிப்ரவரி 1: "3 வல்லி." செம்பு. தைரியமான பழுப்பு. கடைசியது மே 31 காலை, எண்கள் நகரும் முன்: "6 வல்லி."

பத்துப் படங்களையும் அவருக்கு அனுப்பி, "உண்மையைச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது.

"மூணு தேறும்மா. செம்பு, கொடிக்கயிறு, மழைத்தண்ணி. மத்ததுல எல்லாம் ஓரம் வெட்டி வச்சாப்ல நிக்கி. நா அன்னைக்கே சொல்ல வந்தேன். சொல்லிருக்கணும். நீங்க எனக்கு எம்புட்டு சொல்லிருக்கீங்க. ஒரு தடவ ராத்திரிச் சாப்பாடு எறங்கல. ஆனா மறுநா டப்பாவ ஒழுங்கா போட்டேன்லா."

அலுவலகத்தில் இன்று ஒன்பது லட்சுமியை வெட்டினேன். சேலை நுனி, தாமரை இதழ், விரல். கத்தி மாதிரி நிற்கிறது. எட்டு மணி நேரம் நான் கண்ணுக்கு என்ன பழக்கிக் கொடுக்கிறேன் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். இதை அக்டோபரிலேயே யாராவது ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அக்டோபரில் வந்த ஒன்பது குறைகளை எழுதிய தாளைத் தேடி எடுத்தேன். நான்காவது: "ஓரங்கள் எல்லாம் ஒன்றுபோல் கூர்மை."

சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை.

அந்தத் துணி வியாபாரி மனைவியின் காதை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கேனில் பிழை இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். முட்டை. காலையிலிருந்து வெளிச்சம் போகும் வரை.

ஜூன் 4, புதன்

முட்டை.

அம்மா தட்டில் சோறு வைத்துவிட்டுப் போனாள். சுடர்விழி அக்கா இருமுறை அழைத்தார். எடுக்கவில்லை. பழைய படங்களில் இரண்டை ஈரத் தூரிகையால் கரைத்துச் சரிசெய்யப் பார்த்தேன். இரண்டும் போயின.

ஜூன் 5, வியாழன்

ஏழாவது முட்டையில் ஒளி படும் பக்கம் கோடு போடாமல் விட்டேன். கை வரவே இல்லை. வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. விட்ட இடத்தில் முட்டை இல்லாமல் போகவில்லை. இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

ஹபீப் அண்ணன் சொன்ன மூன்று, மூன்று நாளில் வரைந்த ஏழு முட்டை. பத்து. காலை பதினொன்றுக்கு அனுப்பினேன். குழு பொறுக்கிய மற்றவை பரணில்.

ஜூன் 7, சனி

ஐந்து ஐம்பதுக்குக் குழுவிலிருந்து விலகினேன். காரணம் எழுதவில்லை. விளக்கம் கூடாது என்பது அவர்கள் விதிதான்.

ஜூன் 28, சனி

பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயர்கள். என் பெயர் இல்லை. கீழே பொதுவாக ஒரு குறிப்பு: ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்து அனுப்ப வேண்டாம், பன்முகத் திறனையே பார்க்கிறோம்.

குழு பொறுக்கிய பத்தில் பத்துப் பொருள் இருந்தது. அதை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இருபத்தெட்டு. அம்மா பால் பாயசம் வைத்தாள். வேலைக்குப் போகும் முன் ஒரு முட்டை வரைந்தேன்.

"அதான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்குத்தா?" என்றாள் அம்மா.

பாயசம் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஜூலை 12, சனி

ஆறு மணிக்கு ஜெனியிடமிருந்து ஒரு படம். குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். தூத்துக்குடித் துறைமுகம், இரண்டு கப்பல், விடிகாலைக் கடல். கீழே, "குறை சொல்லு வல்லி. எத்தனை வேணாலும்."

கடல் கோடு வலப்பக்கம் இறங்கியிருந்தது. முன்னைவிடக் குறைவாக, அளவுகோல் வைத்துப் போராடியிருக்கிறாள், பென்சில் அழித்த தடம் தெரிந்தது. பின்னால் உள்ள கப்பல் முன்னால் உள்ளதைவிட அடர்த்தி. தண்ணீரில் விழும் நிழல் கப்பலைவிட நீளம். மூன்றையும் பார்த்தேன். நான்காவது ஒன்றும் இருந்தது.

'நல்லா இருக்கு' என்று எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 20, சனி

அதற்குப் பிறகு ஜெனிட்டா எனக்குப் படம் அனுப்பவில்லை.